ரோதையும் லயமும்

இலங்கையின் மின்சார வரலாற்றை எழுதுகிறவர்கள் வழமையாக விமலசுரேந்திராவில் தொடங்கி, லக்சபானாவில் ஏறி, மகாவலியில் இறங்கி முடித்துக்கொள்வார்கள். பாடசாலையில் நாங்கள் படித்ததும் அந்த வழியைத்தான். மலையகத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளின் அடியில் சுற்றிய ரோதைகள் அந்தப் பாதையில் தென்படுவதில்லை. லக்சபானாவுக்குப் பல தசாப்தங்கள் முன்னரே மலைநாட்டு ஓடைகளில் நீர்ச்சுழலிகள் சுற்றத் தொடங்கிவிட்டன. தோட்டங்களில் இருந்தவை உச்சக் காலத்தில் 500க்கு மேல் என்று மின்துறை சார்ந்தவர்கள் கணக்குச் சொல்வார்கள். ஒரு சின்னஞ்சிறு தீவுக்கு அது சிறிய எண்ணிக்கை அல்ல.

இப்போது இதைத் தூசு தட்டி எடுப்பதற்குக் காரணம் உண்டு. 'சிறு நீர்மின்' என்ற சொல்லுக்கு உலகம் முழுவதும் நல்ல பெயர் இருக்கிறது. பெரிய அணை கட்டினால் ஊர்கள் மூழ்கும், சனங்கள் இடம்பெயரும். சிறியதென்றால் எவருக்கும் தீங்கில்லை, எரிபொருள் வேண்டாம், புகை இல்லை என்று நம்புகிறோம். ஆயினும் இலங்கையின் மத்திய மலைகளிலும் அவற்றின் மேற்குச் சரிவுகளிலும் இந்தத் தொழில்நுட்பம் மூன்று காலங்களில் மூன்று வேறு சொந்தக்காரர்களிடம் இருந்திருக்கிறது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், 'இது கட்டுபடியாகுமா' என்ற ஒரே கேள்விக்கு மூன்று விடைகள் வருகின்றன. இயந்திரம் ஏறக்குறைய அதே இயந்திரம். கணக்குப் புத்தகத்தில் யாருடைய பெயர் இருந்தது என்பது மாறிக்கொண்டு வந்தது.

ரோதை என்ற சொல் போர்த்துக்கேயர் விட்டுச் சென்றது. சக்கரம் என்று பொருள். கோப்பிக் காலத்திலேயே மலைநாட்டில் நீர்ச்சக்கரம் இருந்தது. கோப்பிப் பழத்தின் சதையை உரிக்கும் இயந்திரத்தை ஓடை நீர் சுற்றியது. 1869இல் கண்டுபிடிக்கப்பட்ட இலைத்துரு நோய் அடுத்த இருபது வருடங்களில் கோப்பியை அழித்தது. தேயிலை வந்தது. தேயிலைக்குக் கோப்பியைவிடப் பலமான இயந்திரங்கள் தேவைப்பட்டன. கொழுந்தை வாட்டக் காற்றாடி, அரைத்து உருட்ட உருளைகள், சலிக்கச் சல்லடை. நீராவி இயந்திரம் வைத்தால் விறகு வேண்டும், அல்லது கொழும்பிலிருந்து நிலக்கரி ஏற்ற வேண்டும். புகையிரதம் நானுஓயாவை எட்டியது 1885இல்தான். அதற்குப் பிறகும் நிலையத்திலிருந்து தோட்டத்துக்கு மாட்டு வண்டியில் ஏற்றவேண்டிய தூரங்கள் இருந்தன. தொழிற்சாலைக்கு மேலே மலையில் ஓடையோ சும்மா விழுந்துகொண்டிருந்தது. துரைமார் அதைக் கவனிக்காமல் இருப்பார்களா?

அமைப்பு மிக எளிமையானது. மேலே ஓடையை மறித்து இடுப்பளவு உயரத்தில் ஒரு கல் அணை. அங்கிருந்து மலையின் இடுப்பைச் சுற்றி, கிட்டத்தட்ட மட்டமாக ஓடும் ஒரு வாய்க்கால். வாய்க்காலின் முடிவில் மண் படிய ஒரு தொட்டி. தொட்டியிலிருந்து நேர் கீழே தொழிற்சாலைக்கு ஓர் இரும்புக் குழாய். குழாயின் அடியில் சுழலி. ஆரம்பத்தில் சுழலியின் அச்சு மின்சாரம் உண்டாக்கவில்லை. தொழிற்சாலை நெடுகப் போன நீண்ட தண்டொன்றைச் சுற்றியது, அதிலிருந்து பட்டிகள் போட்டு ஒவ்வொரு இயந்திரத்தையும் ஓட்டினார்கள். பின்னரே மின்பிறப்பாக்கி வந்தது. சுழலிகளில் பெருந்தொகையானவை இங்கிலாந்தின் வடக்கே கெண்டல் என்ற சிறு நகரிலிருந்து, கில்க்ஸ் கம்பனியின் பட்டறையிலிருந்து வந்தவை. அந்தப் பட்டறையில் 1919இல் எரிக் குரூட்சன் என்பவர் உருவாக்கிய 'ரேர்கோ' என்ற சுழலி, மலைநாட்டு ஓடைக்கென்றே செய்தது போலப் பொருந்தியது. நூறு வருடத்துக்கு முன் பூட்டிய இரும்பு, கவனித்தவர்கள் கையில் இன்றும் சுற்றும். எந்தப் பொருளாதார அறிக்கையும் இப்படியொரு ஆயுளைத் துணிந்து எழுதாது.

வாய்க்காலை வெட்டியவர்கள், குழாயைத் தோளில் சுமந்து மலை ஏற்றியவர்கள், மழைக்கு இடிந்த கரையைக் கட்டியவர்கள் யாரென்று சொல்லத் தேவையில்லை. அவர்கள் அந்த இயந்திரத்துக்கு ஒரு தெய்வத்தையும் கொடுத்தார்கள். மலையகத்தின் நாட்டார் தெய்வங்களில் கொழுந்துக்கு ஒரு சாமி, கவ்வாத்துக்கு ஒரு சாமி இருப்பதுபோல, தொழிற்சாலைக்கு ரோதைமுனி. கையை இழுத்துவிடக்கூடிய பட்டியையும் சக்கரத்தையும் நாளெல்லாம் பக்கத்தில் வைத்து வேலை செய்கிறவன் அதைக் கும்பிட்டதில் என்ன அதிசயம்.

வெளிச்சம் அந்தக் கும்பிட்டவர்களின் லயத்துக்குப் போகவில்லை. தொழிற்சாலைக்குப் போனது, துரையின் பங்களாவுக்குப் போனது, சில இடங்களில் உத்தியோகத்தர் வீடுகளுக்கும் போனது. எங்களோடு சமையலறையில் வேலை செய்யும் மூத்தவர் ஒருவர் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, 1977 வன்செயலுக்குப் பின் தாய் தகப்பனோடு கிளிநொச்சிக்கு வந்தவர். அவர் சொல்வார்: "ராவுல பெக்டரி பூரா வெளிச்சமா நிக்கும். கொழுந்து அரைக்கிறது விடிய முன்னயே ஆரம்பிச்சிரும். எங்க வீட்ல குப்பி லாம்பு. பெக்டரி வெளிச்சம் வாசல் வரைக்கும் வரும், உள்ள வராது." தொழிற்சாலையிலிருந்து லயத்துக்குச் சில நூறு மீற்றர். கம்பியும் நாலு கம்பமும் ஒரு பெரிய செலவல்ல. லயத்தில் விளக்கெரிந்தால் தேயிலை ஒரு இறாத்தல்கூடக் கூடாது என்பதால் அந்தச் செலவு கணக்கில் ஏறவில்லை. தோட்டக் கம்பனியின் பார்வையில் அந்த நீர்மின் நிலையம் மிகச் சிறந்த முதலீடு. அதைப் பொய் என்று சொல்லமுடியாது.

சூழல் கணக்கு அந்தக் காலத்தில் எவரிடமும் இல்லை என்றும் சொல்லக்கூடாது. 1873இல், இலண்டன் கியூ தாவரப் பூங்காவின் இயக்குநராக இருந்த ஜோசப் ஹூக்கரின் ஆலோசனையைக் கேட்டு, 5000 அடிக்கு மேலுள்ள அரச காடுகளை விற்பதை ஆட்சியாளர் நிறுத்தினார்கள். மேலே காடு போனால் கீழே ஓடை வற்றும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 5000 அடிக்குக் கீழே இருந்தது ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தது. காடு மொட்டையான சரிவில் மழைக்காலத்தில் மண் கரைந்து வந்து தொட்டியை நிரப்பியது. தை, மாசி மாதங்களில் ஓடை நூலாக மெலிந்தது. சுழலியை வைத்த அதே தேயிலைதான் சுழலிக்கான நீரையும் குறைத்தது. சுழலி வந்ததால் விறகு மிச்சம் என்பதும் பாதி உண்மைதான். கொழுந்தை உலர்த்தும் அடுப்புக்கு வெப்பம் வேண்டும், அது கடைசிவரை விறகிலேயே எரிந்தது.

விமலசுரேந்திராவை நாம் குறைத்துப் பேசவில்லை. நுவரெலியா நகருக்கு வெளிச்சம் கொடுக்க பிளாக்பூல் என்ற இடத்தில் சிறு நிலையம் ஒன்றை அமைத்தவர் அவர். 1918இல் இலங்கைப் பொறியியற் சங்கத்தில் நீர்வலுவின் பொருளாதாரம் பற்றிக் கட்டுரை படித்தபோது, இந்த நீரை வைத்து நாட்டைக் கைத்தொழில்மயமாக்கலாம் என்று வாதிட்டார். ஆட்சியாளர் இழுத்தடித்தார்கள். உத்தியோகத்தை விட்டபின் 1931இல் இரத்தினபுரியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவாகி அங்கேயும் அதையே பேசினார். லக்சபானாவின் முதல் நிலையம் 1950இல் 25 மெகாவாற்றோடு இயங்கத் தொடங்கியது. 1953இல் அவர் இறந்தார். அவர் கனவு கண்ட பெரிய மின்சாரம் வந்ததும் தோட்டத்துச் சிறிய மின்சாரம் சாகத் தொடங்கியது.

அது ஒரே நாளில் நடக்கவில்லை. 1950களிலும் 60களிலும் நாட்டு மின்கம்பிகள் தோட்டங்களை எட்டின. விலை மலிவு, வாய்க்கால் துப்புரவாக்க ஆள் வேண்டாம், வறட்சியில் நிற்காது. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாகின. அதற்கு முந்திய வருடங்களில், நாளை எங்களிடம் இருக்குமோ தெரியாத சொத்துக்கு யார் குழாய் மாற்றுவார்கள் என்று கம்பனிகள் கையை விட்டன. பிந்திய வருடங்களில், அரச கூட்டுத்தாபனத்துக்கு அது முதல் கவலையாக இருக்கவில்லை. குழாய்கள் துருப்பிடித்தன, செம்புக் கம்பிகள் களவு போயின, வாய்க்காலில் மானா புல் முளைத்தது. இதற்கிடையில் 1973இலும் 1979இலும் எண்ணெய் விலை ஏறியது. ஓடையை விட்டுவிட்டு எண்ணெய்க்கு வரிசையில் நிற்கும் நிலைக்கு நாடு மெல்ல வந்தது. 1980களில் சில தோட்டங்களின் பழைய சுழலிகளைத் திருத்தினார்கள். அந்தத் திருத்த வேலையில் உள்ளூர்ப் பட்டறைகள் சுழலி செய்யப் பழகிக்கொண்டன. இரண்டாவது காலம் அங்கிருந்து பிறந்தது.

1990இல் இலங்கையில் பத்து வீட்டில் மூன்றுக்குத்தான் மின்சாரம் இருந்தது. எங்கள் பக்கத்தில் அந்த மூன்றும் இல்லாமற் போன வருடம் அது. யாழ்ப்பாணத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சில்லை மிதித்து, டைனமோவில் செய்தி கேட்டதைக் குழந்தையாக இருந்த எங்களுக்கு மூத்தவர்கள் சொல்லிச் சொல்லி, நாங்களே மிதித்ததுபோல ஆகிவிட்டது. ஒரு மனிதக் காலில் இருந்து வருவது ஐம்பது, எழுபது வாற். அந்த அளவில் மின்சாரத்தை அளக்கப் பழகிய சனம் நாம். அதனால்தான் கேகாலை, இரத்தினபுரி, மாத்தறை மாவட்டங்களின் ஒதுக்குப்புறச் சிங்களக் கிராமங்களில் அதே வருடங்களில் நடந்தது எங்களுக்கு உடனே விளங்குகிறது.

பாதியில் விட்ட படிப்பில் எஞ்சியிருக்கும் ஒரு கணக்கு இங்கே உதவும். விநாடிக்கு இத்தனை லீற்றர் நீர், இத்தனை மீற்றர் உயரத்திலிருந்து விழுகிறது என்று எடுங்கள். இரண்டையும் பெருக்கி, அதை ஐந்தால் பெருக்கினால் கையில் கிடைக்கும் வாற் வரும். ஐந்து ஏனென்றால், புவியீர்ப்பு கொடுக்கும் ஏறக்குறையப் பத்தில் பாதி குழாயின் உராய்விலும் சுழலியிலும் மின்பிறப்பாக்கியிலும் போய்விடும். விநாடிக்கு 50 லீற்றர், 40 மீற்றர் விழுச்சி என்றால் 10,000 வாற், அதாவது 10 கிலோவாற். நூறு வீட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்கு 100 வாற். நாங்கள் இப்போது கோப்பை கழுவும் இயந்திரம் சூடேறும்போது இழுப்பதும் ஏறக்குறைய அந்தப் 10 கிலோவாற்றைத்தான். ஒரு கிராமத்தின் இரவு முழுவதும் ஒரு சமையலறை மூலைக்குள் அடங்குகிறது.

அந்த 100 வாற்றைக் கிராமங்கள் எப்படி ஆண்டன என்பதுதான் இந்த வரலாற்றின் மிகச் சுவையான பகுதி. பிரித்தானியாவின் இடைத்தொழில்நுட்பக் குழு தொடக்கத்தில் கைகொடுத்தது. 1997இலிருந்து உலக வங்கியின் கடனோடு ஒரு திட்டம், 2002இலிருந்து 2011 வரை அதன் தொடர்ச்சி. மொத்தத்தில் 250க்கு மேற்பட்ட கிராமங்கள். ஒவ்வொன்றிலும் மின் நுகர்வோர் சங்கம் ஒன்று பதிவாகும். வாய்க்கால் சிரமதானத்தில் வெட்டப்படும். சுழலி உள்ளூர்ப் பட்டறையில் செய்தது. மின்பிறப்பாக்கி பல இடங்களில் சாதாரண மோட்டாரைத் திருப்பிச் சுற்றவைத்தது. ஊர் முழுக்க விளக்கை அணைத்துவிட்டால் சுழலி தறிகெட்டு ஓடும். அதைத் தடுக்க ஒரு சிறு மின்னணுப் பெட்டி மிஞ்சிய மின்சாரத்தைச் சூடாக்கும் கம்பிக்குத் திருப்பிவிடும். மாதச் சந்தா. ஊரில் ஒரு பொடியனுக்குச் சிறு சம்பளத்தில் பராமரிப்பு வேலை. இரண்டு மூன்று குமிழ், ஒரு கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி. ஸ்திரிக்கைப்பெட்டிக்கு அனுமதியில்லை. யாராவது களவாகப் பூட்டினால் ஊரின் வெளிச்சமெல்லாம் மங்கும். அடுத்த சங்கக் கூட்டத்தில் விசாரணை நடக்கும். அதற்கு முன்பு இந்த ஊர்களில் தொலைக்காட்சி பார்க்கக் கார் பற்றறியைச் சுமந்துகொண்டு பட்டினத்துக்குப் போய்ச் சார்ஜ் ஏற்றி வருவார்கள். மண்ணெண்ணெய்க்கும் பற்றறிக்கும் கொடுத்த காசோடு ஒப்பிட்டால் சந்தா பாரமாகத் தெரியவில்லை.

வங்கியின் கண்ணால் பார்த்தால் இவை பலவீனமான திட்டங்கள். நீர் இருபத்திநாலு மணிநேரமும் விழுகிறது, பாவனை மாலை ஆறிலிருந்து பத்து வரைதான். மிச்ச நேரத்து மின்சாரம் சூடாகி வீணாகிறது. அரைக்கும் ஆலையோ பட்டறையோ பகலில் ஓடினால் கணக்குத் தேறும். ஓடிய ஊர்கள் சில, ஓடாத ஊர்கள் பல. மானியம் இல்லாமல் பெரும்பாலானவை எழும்பியிருக்காது. இதையெல்லாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இன்னொரு பக்கத்தில், ஓடை வற்றினால் விளக்கு அணையும் என்பதால் மேலேயுள்ள காட்டில் கோடரி வைப்பவனை ஊரே மறித்தது. எந்த வனத்துறைச் சட்டமும் அவ்வளவு மலிவாகக் காவல் காத்ததில்லை. அந்தக் காவலுக்கு வங்கிப் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கவில்லை.

லயங்களுக்கு இந்தத் திட்டம் போனது மிகக் குறைவு. காரணம் நீரோ உயரமோ அல்ல. கிராமங்களில் இருந்ததைவிட நல்ல விழுச்சிகள் தோட்டங்களில் இருந்தன. சங்கம் பதிய, கடன் வாங்க, வாய்க்கால் வெட்ட, கம்பம் நட, காலடியில் உங்களுக்கென்று கொஞ்ச நிலம் வேண்டும். லயத்தில் வாழ்கிறவனுக்கு வீடும் சொந்தமில்லை, வீடு நிற்கும் நிலமும் சொந்தமில்லை, பக்கத்தில் ஓடும் ஓடையும் சொந்தமில்லை. 1948இல் பிரஜாவுரிமை போனதைப்பற்றி நிறைய எழுதியிருக்கிறோம். அது திரும்பி வந்த பிறகும் ஒரு மின்கம்பம் நடுவதற்குத் துரையிடம் கேட்கவேண்டியிருந்தது என்பதைப்பற்றி நாம் அவ்வளவாக எழுதவில்லை.

கிராம நிலையங்கள் எப்படி முடிந்தன? நாட்டுக் கம்பி வந்தது. 2016இல் நாடு முழுவதற்கும் மின்சாரம் கொடுத்தாயிற்று என்று அரசாங்கம் அறிவித்தது. அதற்கு முந்திய பத்து வருடங்களில் கம்பி ஒவ்வொரு கிராமமாக ஏறியபோது, ஸ்திரிக்கைப்பெட்டியும் குளிர்ப்பெட்டியும் வேண்டியவர்கள் மாறினார்கள். அதில் குற்றம் காண நாம் யார்? முதலில் வசதியானவர்கள் சங்கத்தை விட்டார்கள், சந்தா குறைந்தது, மீதிப்பேரால் பழுது பார்க்க முடியவில்லை. நூற்றுக்கும் மேற்பட்டவை இப்படிக் கைவிடப்பட்டன. அந்த நிலையங்களைக் கம்பியோடு இணைத்து, ஊர் பாவிக்காத மின்சாரத்தைச் சபைக்கு விற்றிருக்கலாம். தொழில்நுட்பத்தில் தடை இல்லை, ஓரிரு கிராமங்கள் பின்னர் செய்து காட்டின. ஆனால் பெரும்பாலான சங்கங்களுக்கு அதற்கான ஒப்பந்தமும் உத்தரவும் பாதுகாப்புக் கருவிகளும் எட்டாத தூரத்தில் இருந்தன. கம்பனிகளுக்கு அதே கதவு அகலத் திறந்திருந்தது.

மூன்றாவது காலம் அந்தக் கதவால் வந்தது. 1995இல் இலங்கையின் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீரிலிருந்து வந்தது. 1996இல் மழை பொய்த்தது, நாளுக்கு எட்டு மணிநேரம்வரை வெட்டு. அதே வருடம் டிக்ஓயாவில் ஒரு மெகாவாற்றுக்குச் சற்றுக் குறைந்த தனியார் நிலையமொன்று நாட்டுக் கம்பிக்கு மின்சாரம் விற்கத் தொடங்கியது. 10 மெகாவாற்றுக்கு உட்பட்டவர்களிடம் மின்சார சபை நிலையான ஒப்பந்தத்தில் வாங்கும் என்ற ஏற்பாடு. எண்ணெயில் உற்பத்தி செய்தால் ஆகும் செலவை வைத்து முதலில் விலை தீர்மானித்தார்கள். பின்னர் தொழில்நுட்பத்துக்கேற்ற விலை வந்தது. 2010களின் முடிவில் 180க்கு மேற்பட்ட நிலையங்கள், சேர்த்து 350 மெகாவாற்றுக்கு மேல். மகாவலியின் விக்ரோறியா அணை 210 மெகாவாற் என்பதை நினைவில் வைத்தால் இது விளையாட்டில்லை.

நியாயமாகப் பேசவேண்டும். 100 கிலோவாற் சிறு நிலையம் ஒன்று, வருடச் சராசரியில் தன் கொள்ளளவின் மூன்றிலொரு பங்கை மட்டும் கொடுத்தாலும் மூன்று லட்சம் யூனிற் அளவில் வரும். டீசல் இயந்திரத்தில் அதை உண்டாக்க ஏறக்குறைய 80,000 லீற்றர் எரிக்கவேண்டும். வடக்கில் விழுகிற ஆறு கிடையாது; எங்களுக்குக் கிடைத்தது எண்ணெய்தான். சுன்னாகத்தில் மின்நிலைய வளாகத்தைச் சுற்றிக் கிணறுகளில் கழிவெண்ணெய் மிதந்த கதை 2015இல் ஊருக்கெல்லாம் தெரிந்தது, 2019இல் உயர் நீதிமன்றம்வரை போய் நட்டஈட்டுத் தீர்ப்பும் வந்தது. எண்ணெய் மின்சாரத்தின் விலையில் அந்தக் கிணறுகள் சேர்க்கப்பட்டிருக்கவில்லை. ஓடை மின்சாரத்தைக் குறை சொல்லும்போது இதை மறக்கக்கூடாது.

ஆனால் ஓடையிலும் விலையில் சேராதவை உண்டு. சிறு நிலையம் நீரைத் தேக்குவதில்லை, திருப்புகிறது. அணைக்கும் சுழலிக்கும் இடையில் ஒன்று, இரண்டு கிலோமீற்றருக்கு ஆற்றின் படுக்கை கல்லாகக் கிடக்கும். மேற்குச் சரிவின் ஓடைகளில், உலகில் வேறெங்கும் இல்லாத மீன்கள் வாழ்கின்றன. கித்துல்கலைப் பக்கத்துக் களனி கங்கையில் மட்டும் காணப்படும் அசோகா கெண்டை அவற்றில் ஒன்று. அதற்கு இடம்பெயர வேறு ஆறு கிடையாது. ஒரு ஓடையில் ஒரு நிலையமென்றால் மீன் எப்படியாவது சமாளிக்கும். ஒன்றின் வாயிலில் அடுத்தது, அதன் வாயிலில் மற்றது என்று சங்கிலியாக வந்தால் ஆறு என்பது குழாய்களின் தொடராகிவிடும். சிங்கராஜ வனத்தின் எல்லையோரங்களில் இதற்கெதிராக ஊர்மக்களும் சூழலாளரும் போராடியிருக்கிறார்கள். 1993ஆம் ஆண்டின் வர்த்தமானி முழுச் சூழல் மதிப்பீட்டுக்கு 50 மெகாவாற்றுக்கு மேற்பட்ட நீர்மின் நிலையங்களையே பெயர்சொல்லிப் பட்டியலிட்டது. சிறியவை காட்டைத் தொட்டால், வேறு ஏதாவது விதியில் அகப்பட்டால் மட்டும் ஆராயப்படும், அதுவும் தனித்தனியே. தனித்தனியே எல்லாம் சிறியவைதான்.

ஆற்றில் எவ்வளவு நீரை விட்டுவைக்க வேண்டும் என்பதற்கு நாங்கள் வாழும் சுவிசில் ஒரு கணக்கு இருக்கிறது. 1992 மே மாதம் சனங்கள் வாக்களித்து ஏற்றுக்கொண்ட நீர்ப் பாதுகாப்புச் சட்டம், வருடத்தில் 347 நாட்களாவது ஓடையில் இருக்கும் நீரின் அளவைப் பத்து வருடச் சராசரியில் எடுத்து, அதிலிருந்து மீதநீரைத் தீர்மானிக்கிறது. அந்த அளவு விநாடிக்கு 60 லீற்றருக்கு உட்பட்டால் 50 லீற்றரை ஆற்றிலேயே விடவேண்டும். மேலே நாம் கணக்குப் பார்த்த கிராமத்துக்கு இந்தச் சட்டத்தை அப்படியே கொண்டுபோனால் விளக்கே எரிந்திருக்காது. அதனால் சட்டங்களை இறக்குமதி செய்யச் சொல்லவில்லை. கவனிக்கவேண்டியது வேறு. 2009இலிருந்து சிறு நிலையங்களுக்கு மானியம் கொடுத்த இதே நாடு, 2018இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தில் ஒரு மெகாவாற்றுக்குக் குறைந்தவற்றை அந்த மானியத்திலிருந்து பொதுவாக விலக்கியது. கிடைக்கும் மின்சாரத்துக்கு ஓடை கொடுக்கும் விலை அதிகம் என்று கண்டார்கள். குடிநீர்க் குழாயில் ஏற்கெனவே ஓடும் நீரால் சுழலியைச் சுற்றும் நிலையங்களுக்கு விலக்கு அளித்தார்கள். புதிதாக ஓர் ஓடையும் சாகாது என்பதால் அது புத்தி.

இந்தப் புத்தி மலையகத்துக்கு நன்றாகவே பொருந்தும். தீண்டப்படாத ஓடைகளைத் தேடிக் காட்டுக்குள் போகுமுன், நூறு வருடமாக அணை போட்டு, வாய்க்கால் வெட்டி, மீன் ஏற்கெனவே போய்விட்ட தோட்டத்து ஓடைகள் இருக்கின்றன. சில கம்பனிகள் அவற்றைத் திருத்தி எடுத்து நாட்டுக் கம்பிக்கு விற்கின்றன. சூழல் கணக்கில் அது சரியான வேலை. பொருளாதாரக் கணக்கிலும் பெரிதாகக் குறை சொல்லமுடியாது. 1992இல் அரசிடமிருந்து தோட்டங்களின் நிர்வாகத்தைப் பொறுப்பேற்று, பின்னர் குத்தகைக்கும் பெற்றவர்களுக்கு, தேயிலை விலை விழும் மாதத்திலும் ஓடை காசு கொடுக்கிறது. ஆனால் ஒரு மெகாவாற் நிலையத்துக்கு வேலைக்கு வேண்டியது விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். குழாய் லயத்தின் பின்புறமாகவே இறங்கும். லயத்துக்கு மின்சாரம் வேறு கம்பியில், வேறு விலையில் வரும்.

2022 அந்த விலையைக் காட்டியது. மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணிநேர வெட்டு. சிறு நிலையங்களுக்குச் சபை மாதக்கணக்கில் பணம் பாக்கி வைத்தது. சேமிக்க இடமில்லாததால் நாடு மிகவும் தவித்த அந்த வறண்ட வாரங்களில் ஓடைகளும் பெரிதாக உதவவில்லை. ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரி 75 வீதம் ஏறியது, 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதம். முதல் உயர்வில், விகிதத்தில் அதிகம் அடிபட்டவர்கள் மாதம் 30 யூனிற்றுக்குள் பாவித்தவர்கள். இரண்டு குமிழ் எரிக்கும் லயத்து அறைகள் அந்த வகுப்பில்தான் அடங்கும். அதே ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குப் போனது. குப்பி லாம்புக்குத் திரும்பவும் வழியில்லை.

தோட்டத்து ஓடையில் 20 கிலோவாற் எடுக்கக்கூடிய பழைய குழாய் ஒன்று கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரவும் பகலும் ஓடினால், வறண்ட மாதங்களைக் கழித்தும் வருடத்துக்கு 60,000 யூனிற் வரும். மாதம் 30 யூனிற் பாவிக்கும் 160 அறைகளுக்கு அது போதும். எங்கள் மூத்தவரிடம் இந்தக் கணக்கைத் துண்டுத் தாளில் போட்டுக் காட்டினோம். அவர் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாரு பேர்ல எழுதப் போறீங்க?" என்றார். வீட்டுக்காணியாக ஏழு பேர்ச் கொடுப்பதென்று 2015க்குப் பின் தொடங்கிய பேச்சு, 2023இல் பத்துப் பேர்ச்சாக வளர்ந்திருக்கிறது. உறுதி கையில் கிடைத்த குடும்பங்கள் இன்னும் சிறுபான்மை. அந்தப் பேர்ச்சுகளுக்குள் ஓடை வருவதில்லை.